மேடை ஏறாத சீர்த்தட்டு

மதினி,

ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் மேலேயிருந்து மஞ்சள் வாசம் வருகிறது. குண்டு மஞ்சளும் காய்ந்த வெற்றிலையும் பிரிக்காத புதுத் துணியும் சேர்ந்த வாசம். கல்யாண வீட்டில் வரவேண்டியது. இங்கே புதுக்கோட்டையில், மகன் வீட்டுச் சமையலறையில், பால் எடுக்கவும் மாவு எடுக்கவும் போகிற நேரமெல்லாம் என் மூக்கில் ஏறுகிறது. மேலே இருப்பது உங்கள் பித்தளைத் தாம்பாளம். நீங்கள் கண்ணை மூடின பிறகு அண்ணன் என்னிடம் கொடுத்தார்.

"அத்தே, இதைக் கழுவிப் பரண்ல போட்டுறவா?" என்று மருமகள் கேட்டாள்.

"இருக்கட்டும்மா" என்றேன்.

"பழமெல்லாம் கறுத்துப் போச்சே, எதுக்கு இருக்கட்டும்?"

பழத்தை மட்டும் எடுத்து வெளியே போட்டேன். மற்றது அப்படியே இருக்கிறது. ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டும், உங்களிடம்தான் சொல்லவும் கூசுகிறது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். செண்பகவடிவு நாடகம் திரும்ப வந்துவிட்டது மதினி. நம் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடந்து, பிறகு ஆடல் பாடல் நிகழ்ச்சிகள் வந்து விழுங்கிவிட்ட அதே நாடகம். படித்த பிள்ளைகள் சிலர் குழுவாகச் சேர்ந்து, பழைய பாட்டுகளைத் தேடிப் பிடித்து, ஒரு சாயங்காலத்தில் முடிகிற அளவுக்குச் சுருக்கி ஆடுகிறார்கள். உப்பு வண்டிக்காரர்கள் செண்பக மரத்தடியில் கண்டெடுத்து வளர்த்த பெண், வளையல்காரன் வேஷத்தில் வந்த இளவரசனைப் பாட்டாலேயே மடக்கி, கடைசியில் அவனையே கட்டிக்கொள்கிற கதை என்று நோட்டீசில் அச்சடித்திருந்தார்கள். "நமக்கே கதை சொல்றாய்ங்க" என்று ராசாத்தி சிரித்தாள். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் கடை போட்டிருக்கிறாளே, உங்கள் பக்கத்துத் தோட்டத்து ராசாத்தி, அவள்தான்.

நோட்டீஸ் வந்த நாளிலிருந்து நம் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. ராசாத்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். ஊர்க்காரர்கள் மட்டும் இல்லை, சிங்கப்பூர், துபாய் என்று போனவர்களும் சேர்ந்துகொண்டார்கள். விடிந்தால் யாராவது, செண்பகவடிவும் வளையல்காரனும் மாறி மாறி மடக்குகிற தர்க்கப் பாட்டைப் பாடி அனுப்புவார்கள். சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். உடனே இன்னொருவர், "அந்த எடத்துல இழுக்கக் கூடாதுப்பா, வெட்டணும்" என்று பதில் அனுப்புவார். அதற்கு ஒரு சண்டை. துபாயில் கிரேன் ஓட்டுகிற ஒருவன் வளையல்காரன் பாட்டை முழுசாகப் பாடி அனுப்பினான். பின்னாலிருந்து, அவனோடு தங்கியிருக்கிறவன் "படுடா டேய்" என்று வைகிற சத்தமும் தாளம் போலச் சேர்ந்து வந்தது. பூக்கட்டுகிற இடத்தில் ஒருத்தி முதல் அடியை எடுத்தால் எதிர்க்கடையில் அடுத்த அடி வருகிறதாம். எடை போடுகிறவர் கணக்கை மறந்து தலையாட்டிக்கொண்டு நிற்கிறாராம். என் வீட்டுக்காரருக்கு மட்டும் நாடகம் என்ற பேச்சைக் கேட்டாலே இப்போதும் கொட்டாவிதான்.

இதையெல்லாம் கேட்கும்போது நீங்கள் இல்லையே என்று நினைத்து அழுதேன். அது உண்மையான அழுகைதான். அதற்குப் பிறகு நான் செய்ததை வைத்து அதையும் சந்தேகப்பட வேண்டாம்.

நீங்கள் நம் வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தாவணி போடுகிற வயசுகூட ஆகவில்லை. தாய் தகப்பன் இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். தாலி கட்டி முடிந்ததும் பெண் வீட்டுச் சீர் எங்கே என்று சபை திரும்பிப் பார்த்தது. உங்கள் சித்தப்பா தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு பந்திக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஆரம்பித்த என்னைப் பெற்ற ஆத்தாவின் பேச்சு வருஷக்கணக்கில் ஓடியது. குழம்பில் உப்புக் கூடினாலும், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டாலும், "ஒரு வெத்தலைத் தட்டுக்கூட இல்லாம வந்தவ" என்றுதான் முடிப்பார். நீங்கள் பதில் பேசி நான் கேட்டதில்லை. அடுப்படியில் நின்று செண்பகவடிவு பாட்டை மெல்ல முணுமுணுப்பீர்கள்.

வைகாசித் திருவிழாவில் அந்த நாடகத்தை நாம் சேர்ந்து பார்த்த முதல் வருஷம், கல்யாணக் கட்டம் வரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. பாதி ஊர் சாக்கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மணக்கோலத்தில் நின்ற செண்பகவடிவு, தன் பக்கம் ஒரு ஆளும் இல்லாததைப் பார்த்துப் பாடினாள்.

"தாய்வீடு எங்கே என்றால் செண்பகக் காடே என்பேன்,
சீர்கொண்டு வருவார் யாரோ, தென்றலே நீ சொல்லாயோ."

நீங்கள் சட்டென்று எழுந்து போனீர்கள். போனவர் திரும்பி வரும்போது கையில் இந்தத் தாம்பாளம். சாமிக்கு வைத்திருந்த வாழைப்பழம், ஆத்தாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு கவுளி வெற்றிலை, குண்டு மஞ்சள், உங்களிடம் தைக்காமல் கிடந்த ஒரே ரவிக்கைத் துணி. "ஏத்தா, அந்தத் தேங்காயைத் தூக்கிக்கிட்டு எம்பின்னாடி வா" என்றீர்கள். நானும் வந்தேன். தூங்கினவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். பபூன் வேஷக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா நீங்க? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேலியாகக் கேட்டார்.

"பொண்ணு வீடு" என்றீர்கள்.

கணீரென்று சொன்னீர்கள். பபூன் மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். செண்பகவடிவாக நின்ற அம்மா குனிந்து தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே பாட்டை இன்னொரு முறை எடுத்தார். இந்த முறை "சீர்கொண்டு வந்தார் பாரோ" என்று அடியை மாற்றிப் பாடினார். எனக்குத் தேங்காயைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. மேடையில் நிற்கிறோமே, ஊரே பார்க்கிறதே என்ற கூச்சம் துளிக்கூட இல்லை. உங்கள் பின்னால் நிற்கிறேன் என்ற பெருமைதான் இருந்தது.

வீட்டில் ஆத்தா விளாசிவிட்டார். "நாடகக்காரிக்குச் சீரு கொண்டு போனியாமே. ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும் அத்தை. ஒரு பொண்ணு நடுச்சபையில நின்னு எனக்கு யாருமில்லைனு பாடுறா. கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியல."

அடுத்த வருஷம் நீங்கள் தாம்பாளத்தை எடுத்தபோது அதில் ஏற்கெனவே ஒரு தேங்காய் இருந்தது. யார் வைத்தது என்று நீங்களும் கேட்கவில்லை, ஆத்தாவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருஷத்துக்கு வருஷம் தட்டு கூடியது. எந்த ஊரில் அந்த நாடகம் நடந்தாலும், குலவை போட்டுக்கொண்டு நம் பெண்கள் சீர் எடுத்துப் போவார்கள். வேஷம் கட்டுகிற அம்மாவும் தாம்பூலம் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். "கீரமங்கலம் பக்கந்தான் எனக்குப் பொறந்த வீடு" என்று அவர் மைக்கிலேயே சொல்வார். அந்த வார்த்தைக்காகவே நம் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் நாடகம் என்றதும் ராசாத்தி வேன் பேசிவிட்டாள். எனக்கு போன் போட்டு, "மதினி தட்டுத்தான்க்கா முன்னாடி போகணும். பாட்டு ஆரம்பிச்சதும் நீங்க எந்திரிங்க. ஒங்களைப் பாத்து நாங்க எந்திரிக்கிறோம்" என்றாள். சரி என்றேன். தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கி, எல்லாம் வாங்கி அடுக்கி, பட்டுச்சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். கிளம்பும்போதே ஒரு காரியம் செய்தேன். தட்டைக் கையில் எடுத்துப் போகாமல் கட்டைப்பைக்குள் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். ஆட்டோவில் போக வசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வசதி ஒன்றும் இல்லை. மகன் எனக்கு முன்வரிசைப் பக்கம் டிக்கெட் போட்டிருந்தான், எதிர்வீட்டு அம்மாவோடு சேர்த்து. காலேஜில் பேராசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷி. ஆனால் அவர் பேசும்போது நான் என் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்வேன். இந்தத் தெருவில் நான் பேங்க் மேனேஜரைப் பெற்ற அம்மா. சாக்கு விரித்து நாடகம் பார்த்து வளர்ந்தவள் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மடியில் தாம்பாளத்தோடு அவர் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. இதை மழுப்பாமல் எழுதிவிடுகிறேன்.

ராசாத்தியும் மற்றவர்களும் பின்னால் இருந்தார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. திரை விலகினதுமே விசில். செண்பகவடிவு முதல் பாட்டோடு நுழைந்தபோது பின்பக்கமே எழுந்து நின்றது. தர்க்கப் பாட்டுக்கு ஒன்ஸ் மோர் கேட்டு, கொடுத்த பிறகும் விடவில்லை. அந்தப் பெண் நன்றாகப் பாடினாள் மதினி. பழைய அம்மாவின் கனத்த குரல் இல்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் காதில் நின்றது. நானும் உதட்டுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா, "உங்களுக்கு வரிகள்கூடத் தெரியுதே" என்றார். "ரேடியோவுல கேட்டது" என்றேன். அது முதல் பொய்.

நாடகம் தொடங்கும் முன்பே ஒரு அறிவிப்புச் செய்திருந்தார்கள். நிகழ்ச்சி வீடியோ பதிவாகிறது, யாரும் இடத்தை விட்டு எழவோ மேடைப் பக்கம் வரவோ வேண்டாம் என்று. நம் ஆட்கள் அதைக் கேட்டார்களா என்பதே சந்தேகம். எனக்கு நன்றாகக் கேட்டது.

கல்யாணக் கட்டம் வந்தது. புதுப் பிள்ளைகள் அதை வேறு மாதிரி அமைத்திருந்தார்கள். எல்லா விளக்கும் அணைந்து அவள்மேல் மட்டும் வெளிச்சம். ஹார்மோனியமும் மிருதங்கமும் நின்றுவிட்டன. வெறும் குரலில், மிக மெதுவாக, "தாய்வீடு எங்கே என்றால்" என்று எடுத்தாள். பாடி முடித்துவிட்டுச் சும்மா நின்றாள். எதிர்வீட்டு அம்மா என் கையைத் தொட்டு, "பாருங்க, இந்த அமைதிதான் இந்தக் காட்சியோட உயிர்" என்று கிசுகிசுத்தார். நான் தலையாட்டினேன். எழ வேண்டிய நேரம் அதுதான் என்று தெரிந்துகொண்டே தலையாட்டினேன்.

நான் எழவில்லை என்றதும் நம் ஆட்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருப்பார்கள். பிறகு அந்த அமைதியில், பின்னாலிருந்து குலவை கிளம்பியது.

அரங்கமே திரும்பியது. நடுப்பாதையில் நம் பெண்கள் தட்டுகளோடு வந்துகொண்டிருந்தார்கள். ராசாத்தியோடு வேனில் வந்த பாக்கியம் முன்னால், அவள் பின்னால் மற்றவர்கள். பின்வரிசைக் கைதட்டல் முன்வரிசைச் சிரிப்பில் அமுங்கிப் போனது. ஆளாளுக்கு போனைத் தூக்கினார்கள். "யாருங்க இவங்க, யார் உள்ள விட்டது?" என்று யாரோ கத்தினார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பெண்கள் ஓடிவந்து குறுக்கே நின்றார்கள். அதில் ஒருத்தி என் பட்டுச்சேலையையும் தலைப் பூவையும் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தாள்.

"அம்மா, நீங்களும் அவங்களோட வந்தவங்களா?"

"இல்லம்மா" என்றேன். "அவங்களை எனக்குத் தெரியாது."

அவள் கேட்டது ஒன்று. இரண்டாவதை நானாகத்தான் சேர்த்தேன். சொல்லிக்கொண்டே காலால் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். உள்ளே தேங்காய் உருண்டு தாம்பாளத்தில் இடித்தது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஹார்மோனியத்தில் இருந்த வயசானவர் தன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தார். பழைய ஆள், நம் திருவிழாக்களில் வாசித்தவர். "பொறந்த வீட்டுச் சீரு வந்துருக்கு தாயி. எறங்கி வாங்கிக்க" என்றார். மேடையில் நின்ற பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. மேடை விளிம்புக்கு வந்து, பாக்கியத்தின் தட்டை வாங்கினாள். பாக்கியம் அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். பின்வரிசையில் ஆரம்பித்து அரங்கமே பாடியது, "சீர்கொண்டு வந்தார் பாரோ" என்று. அந்த மாற்றின அடி எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேட்டு வளர்ந்தவர்கள் வாயில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே அதை வாங்கிப் பாடினாள்.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எதிர்வீட்டு அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். நானும் தட்டினேன். சீர் எடுத்துப் போக எழாதவள், கைதட்ட எழுந்தேன்.

வெளியே வேன் பக்கத்தில் நம் ஆட்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒங்களால வர முடியலையாக்கா? கூட்டம் அப்புடி" என்று பாக்கியமே எனக்குக் காரணம் எடுத்துக் கொடுத்தாள். ராசாத்தி, செண்பகவடிவாக ஆடின பெண் அவளுக்குக் கொடுத்த தாம்பூலத்தை முந்தானையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். "புடிங்கக்கா" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. முதலில் கேலி, பிறகு பாராட்டு. காலையில் என்னோடு வாக்கிங் வருகிற பெண்கள், "உங்க ஊர்ப் பக்கம்தானே? அந்தக் கூட்டத்துல உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்கள். எதிர்வீட்டு அம்மாவும் இருந்தார்.

"தெரிஞ்சவங்களா? அந்த வழக்கத்தை ஆரம்பிச்சதே எங்க மதினிதான்" என்றேன்.

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா. உங்கள் கல்யாணத்தைச் சொன்னேன், பபூனைச் சொன்னேன், நான் தேங்காய் தூக்கி வந்ததைச் சொன்னேன். எல்லாரும் நின்று கேட்டார்கள். எதிர்வீட்டு அம்மா, "அப்ப நீங்க ஏன் போகலை?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். "முட்டி வலி" என்றேன். பாதி தூரம் நடந்து முடித்துவிட்டு நின்றுகொண்டு சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். ஊர் சிரித்தபோது நம் ஆட்களைத் தெரியாது என்றேன், பாராட்டினபோது எங்கள் மதினி என்றேன். எது பெரிய கேவலம் என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் சித்தப்பாவாவது துண்டைச் சரிசெய்துகொண்டு பேசாமல் போனார்.

நேற்று ராசாத்தி போன் செய்தாள். விராலிமலையில் ஞாயிற்றுக்கிழமை நாடகமாம். அந்தப் பெண்ணே குழுவில் சொல்லிக் கல்யாணக் கட்டத்தில் சீருக்கு இடம் விட்டிருக்கிறார்களாம். குரூப்பில் ஒரே கொண்டாட்டம், துபாய்க்காரன் லீவு கேட்டிருக்கிறானாம். "வாரீங்களாக்கா?" என்றாள்.

என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்த அட்டை மாட்டிய பெண் கேட்டது, நான் சொன்னது, பையைத் தள்ளியது எல்லாம்.

அந்தப் பக்கம் யாரிடமோ பூவை எடை போடச் சொல்லிவிட்டு போனுக்குத் திரும்பினாள்.

"தெரியும்க்கா" என்றாள் ராசாத்தி. "நீங்க எந்திரிக்கலையேன்னு ஒங்களைக் கூப்புடத்தான் நான் அங்கிட்டு வந்தேன். ஒங்க சீட்டுக்குப் பின்னாடிதான் நின்னேன். தேங்கா உருண்டதும் கேட்டுச்சு."

அவள் அதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் அந்தத் தாம்பூலத்தை என் கையில் வைத்திருக்கிறாள். போனைக் காதில் வைத்துக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மத்தவங்ககிட்ட நான் சொல்லல" என்றாள். "நீங்க தட்டை எடுத்துக்கிட்டு வாங்க. பழம் மட்டும் புதுசா வாங்கிக்கங்க." ஒரு வியாபாரி வந்து மல்லிகை விலை கேட்டான் போலிருக்கிறது, வைத்துவிட்டாள்.

அவள் என்னை மன்னித்தாளா, உங்கள் தட்டு வந்து சேர வேண்டும் என்பதற்காகப் பொறுத்துக்கொண்டாளா, தெரியவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நீங்களும் ஒன்றும் சொல்லாமல் தேங்காயை என் கையில் கொடுத்திருப்பீர்கள்.

இன்றைக்குத் தாம்பாளத்தை மேலேயிருந்து இறக்கித் துடைத்தேன். வெற்றிலையை மாற்ற வேண்டும், மஞ்சளும் துணியும் அப்படியே இருக்கட்டும். கட்டைப்பையை மடித்துப் பரணில் போட்டுவிட்டேன். விராலிமலை பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் போகப்போகிறேன், மேலே துண்டு இல்லாமல். கண்டக்டரோ பக்கத்து சீட்டுக்காரரோ யாராவது இது எந்த வீட்டுச் சீர் என்று கேட்பார்கள். பொண்ணு வீடு என்று சொல்ல வேண்டும். உங்களைப் போலக் கணீரென்று வராது மதினி. ஆனாலும் அவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்.